ஆளுக்கொரு சொல்

வெள்ளாந்திகுளத்தில் யாரும் யாரிடமும் "புரியவில்லை" என்று சொன்னது கிடையாது. அப்படிச் சொன்னால் பேசியவருக்குப் பேசத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அது அவருக்கு அவமானம். ஆகவே யார் எதைக் கேட்டாலும் முதலில் தலையை ஆட்டி "ஆமா" என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் கூடி உட்கார்ந்து, அவர் என்ன கேட்டார் என்று முடிவு செய்வார்கள்.

முடிவு சொல்வது கொம்பையா. அவர் படித்தவரும் இல்லை, ஊரில் மூத்தவரும் இல்லை. ஆனால் அவருக்கு இரண்டு காதிலும் புதர் மாதிரி மயிர் வளர்ந்திருந்தது. அவ்வளவு வேலி போட்ட காதுக்குள் தப்பான சொல் எப்படி நுழையும் என்பது ஊரின் நம்பிக்கை.

இந்த வழக்கத்தால்தான் மாசானத்தின் ஆடு போயிற்று.

மாசானத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆடு. செம்பி என்று பெயர். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அவன் பெண்டாட்டி உலகம்மா கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த ஆட்டின் பேத்தி. வீட்டுக் காப்பிக்குப் பால் அதனுடையது. மாசானம் மனம் விட்டுப் பேசுவதும் அதனிடம்தான். அது மேயப் போயிருந்தால், அதைக் கட்டும் முளைக்குச்சியிடம் பேசுவான்.

ஒருநாள் காலையில் குளத்துக் கரையில் ஒரு வேன் வந்து நின்றது. செம்பட்டைத் தாடியும் தொப்பியுமாக நெட்டையான ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். மடைப் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாசானம், கொம்பையா, பிறகு ஆவுடை, தவசி. ஆவுடை ஆள் கடுகு. தவசிக்குத் தோள் மட்டுமே இரண்டு ஆளுக்கு இருக்கும்.

வந்தவர் கையைத் தூக்கி, "ஓலா" என்றார்.

நாலு பேரும் "ஆமா" என்றார்கள். உடனே கூடினார்கள்.

"ஓலை கேக்காரு," என்றார் கொம்பையா.

"எதுக்கு அண்ணாச்சி ஓலை?" என்றான் தவசி.

"வண்டி தகரம்லா. உள்ள வெக்கை தாங்காது. மேல வேயணும்."

தவசி பனையில் ஏறி ஓலை வெட்டிப் போட்டான். நாலு பேருமாக வேனின் தலையில் பரப்பிக் கயிற்றால் கட்டினார்கள். அவர் ஊரில் ஓலா என்றால் வணக்கம் என்று அர்த்தமாம். அது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தாலும் தவசி ஏறியிருப்பான். பாதி மரத்தில் இருப்பவனிடம் அர்த்தம் மாறிவிட்டது என்று யார் சொல்வது?

வெள்ளைக்காரர் வேயப்பட்ட வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஏதோ திருவிழா என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்தார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, அதை வைக்க இடம் தேடி, உள்ளங்கையைத் தட்டையாக நீட்டிக் காட்டி, "மேசா?" என்றார்.

"ஆமா," என்றார்கள்.

"மேசை கேக்காரு போலிருக்கு," என்றான் மாசானம் மெதுவாக.

கொம்பையா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏலே, கடல் தாண்டி வந்திருக்கிற மனுசன், இறங்கின உடனே நம்ம பாஷையில மேசை கேப்பாரா? மேசைங்கிற மாதிரி காதுல விழுந்தா அது மேசையா இருக்க முடியாது. மீசையைச் சொல்லுதாரு. கையைத் தட்டையா வச்சுக் காட்டினாருல்லா? சமமா நறுக்கணுமாம்."

ஆவுடை கத்தரிக்கோலுடன் நெருங்கியதும் வந்தவர் தாடியைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"அவரு மீசை இல்லை போல," என்றான் ஆவுடை.

"அப்ப உன் மீசை. குனி," என்றார் கொம்பையா.

ஆவுடையின் மீசை போயிற்று. அன்றைக்குச் சரியாகக் காதில் விழுந்த சொல் அது ஒன்றுதான். அவர் ஊரிலும் மேசைக்கு மேசா என்றுதான் பெயர்.

வெள்ளைக்காரர் தட்டை ஒரு கல்லின்மேல் வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து நன்றியாக நெஞ்சில் கைவைத்து, "கிராசியாஸ்" என்றார்.

இதற்குக் கொம்பையா கொஞ்சம் கண்ணை மூடினார். "கிராசியாசு. காராச்சியாசு. காராச்சேவு. சீமை நாக்குல்லா, சுருண்டுதான் வரும்."

தவசி ஓடிப்போய்ப் பொட்டலம் நிறையக் காராச்சேவு வாங்கி வந்தான். வெள்ளைக்காரர் மரியாதைக்காக ஒரு கை அள்ளி வாயில் போட்டார். முகம் தாடியின் நிறத்துக்கு வந்தது. "அகுவா! அகுவா!" என்றார்.

"ஆகும், ஆகும்ங்காரு. இன்னும் வைலே," என்றார் கொம்பையா.

தண்ணீர் கேட்டவருக்கு இன்னொரு கை காராச்சேவு வைத்தார்கள். அவர் அதை விட்டுவிட்டு ஓடிக் குளத்தில் முழங்கால் போட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குடித்தார். பக்கத்தில் செம்பியும் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். செம்பி அவர் தாடியை நக்கிற்று.

அவர் அதைக் கட்டிக்கொண்டு ஏதேதோ பேசினார். கண்ணில் தண்ணீர் நின்றது. காராச்சேவாலா, பிரியத்தாலா என்று சொல்ல முடியாது. பிறகு மாசானத்தைப் பார்த்து, ஆட்டைக் காட்டி, "மே லா ரெகாலா?" என்று கேட்டார். இதை எனக்குத் தருவீர்களா என்று அர்த்தம்.

விருந்தாளி. மாசானம் தலையை ஆட்டினான். "ஆமா."

அவர் தம் தொப்பியைக் கழற்றி மாசானத்தின் தலையில் வைத்தார். செம்பியைத் தூக்கி வேனுக்குள் விட்டார். ஓலைக் கூரையோடு வேன் கிளம்பிற்று. நாலு பேரும் கைகாட்டி வழியனுப்பிவிட்டுக் கூடினார்கள்.

"என்ன கேட்டாரு அண்ணாச்சி?" என்றான் மாசானம்.

"மேல ரெக்கையான்னு கேட்டாரு. ஆட்டுக்கு மேல ரெக்கை உண்டான்னு. நீ ஆமான்னுட்ட. பறக்குற ஆடுன்னு நம்பிக் கொண்டுபோறாரு."

"செம்பி பறக்காதே."

"பறக்கலைன்னா அவரே கொண்டாந்து விட்ருவாரு. நீ எதுக்கு வெசனப்படுத?"

மாசானம் பொழுது சாயும்வரை வானத்தையும் சாலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். உலகம்மா செம்போடு வாசலில் நின்றாள்.

"ஆடு எங்க?"

"தொப்பி வந்திருக்கு."

அவள் தொப்பியைப் பார்த்தாள். செம்பை அவன் கையில் கொடுத்தாள். "அப்ப தொப்பியக் கறந்து எடுத்துட்டு வாங்க. காப்பி போடுதேன்."

"உலகம்மா, அவரு விருந்தாளி..."

"எங்க அம்மை வீட்டு ஆடு திரும்பி வர்ற வரைக்கும் நீங்களும் விருந்தாளிதான். வெளிய இருங்க." கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் காலையில் கறிவேப்பிலைக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். பயணியர் விடுதியில் தங்கியிருக்கும் ஸ்பெயின் தேசத்துத் தாடிக்காரர் அன்று மாலை வெளியூர் கிளம்புகிறாராம். வேனில் ஒரு ஆட்டுக்கு மெத்தை போட்டிருக்கிறாராம். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கொம்பையா முடிவு சொல்வதற்கு முன்னாலேயே மாசானம் எழுந்து நின்றுவிட்டான்.

"போய்க் கேப்போம் அண்ணாச்சி."

"எந்தப் பாஷையில? நாம தமிழ்ல கேட்டா அவரு ஆமாம்பாரு. ஆமான்னு சொன்னா அவருக்குப் புரியலைன்னு அர்த்தம்."

இதில் ஒரு நியாயம் இருந்தது. மணல்மேட்டு மாதா கோயில் சாமியார் சிறுவயதில் ஸ்பெயின் தேசத்தில் படித்தவர் என்று தவசி சொன்னான். நால்வரும் அங்கே போனார்கள். சாமியார் ஒரு கல்யாணத்துக்காக மொபெட்டில் கிளம்பிக்கொண்டிருந்தார்.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த இக்னாசியோவா? நல்ல மனுசன்," என்றார். "கல்யாணம் முடிஞ்சதும் நானே வந்து கேட்டு வாங்கித் தாரேன்."

"வேண்டாம் சாமி," என்றார் கொம்பையா. "ஆடு உங்க ஆடு இல்லை. நீங்க கேட்டு அவரு குடுத்தா ஆடு உங்களுக்குல்லா ஆயிரும்?"

"எழுதித் தரட்டுமா?"

"தாளு கேட்டா தாளுக்குத்தானே குடுப்பாரு."

சாமியார் கடியாரத்தைப் பார்த்தார். மொபெட்டை நிறுத்தாமலே சொல்லிக் கொடுத்தார். "தெவுவெல்வாமே மி காப்ரா போர் பவோர். தெவுவெல்வாமேன்னா திருப்பிக் குடுங்க. மின்னா என்னுடைய. காப்ரான்னா ஆடு. போர் பவோர்னா தயவுசெஞ்சு. அவ்வளவுதான். ஓடுங்க."

அவ்வளவையும் ஒரே ஆள் சுமப்பது ஆகாத காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது. உரலோ உத்திரமோ, வெள்ளாந்திகுளத்தில் ஆள் பிரித்துத்தான் தூக்குவார்கள். கொம்பையா சொல்லையும் பிரித்தார். முன்பாரம் எப்போதும் அவருக்கு, தெவுவெல்வாமே அவருடையது. தெய்வவேல் மாமா என்று ஞாபகம் வைத்துக்கொண்டார். தெய்வவேல் மாமாவோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஒன்றுதான் அவருக்குச் சங்கடம். காப்ரா ஆட்டுக்காரனுக்கு. மாசானம் அப்போதிருந்த காபராவில் அது தானாக ஒட்டிக்கொண்டது. போர் பவோர் இரட்டைச் சொல் என்பதால் தோள் உள்ள தவசிக்கு. அவன் போர் போவோர் என்று சொல்லிப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எல்லாவற்றிலும் சின்னதான மி, ஆவுடைக்கு.

"ஒண்ணு சொல்லுதேன்," என்றார் கொம்பையா. "வாய்க்குள்ள வேற சொல் போனா இது வெளிய போயிரும். இக்னாசிகிட்ட ஒப்படைக்கிற வரைக்கும் யாரும் வேற பேச்சுப் பேசக்கூடாது."

பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் வந்து, "எங்க போகணும்?" என்றார்.

"தெவுவெல்வாமே," என்றார் கொம்பையா.

"நீங்க?"

"மி," என்றான் ஆவுடை.

"காப்ரா," என்றான் மாசானம்.

"போர் பவோர்," என்றான் தவசி, நிமிர்ந்து நின்று.

கண்டக்டர் நால்வரையும் பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார். "நாலு ஊருக்கும் இந்த வண்டி போகாது. இறங்குங்க."

நடந்தே போனார்கள். வழியில் தவசிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கினான். தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து சௌக்கியமா என்று கேட்டார். நாலு பேரும் உதட்டை மடித்துக்கொண்டு அவரைக் கடந்துபோனார்கள். அவர் வீட்டுக்குப் போய், நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி என்று சொன்னாராம்.

விடுதிக்கு வந்தபோது இக்னாசியோ மூட்டை முடிச்சுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓலைக்கூரை அப்படியே இருந்தது. செம்பி வேன் ஓரத்தில், கழுத்தில் ஒரு சாமந்தி மாலையோடு நின்றது. மாசானத்தைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னங்காலைத் தூக்கிற்று. அவன் செம்பி என்று கூப்பிட வாய் திறந்தான். உள்ளே காப்ரா இருந்தது. மூடிக்கொண்டான். அவிழ்த்துக்கொண்டு போகலாம்தான். கேட்காமல் எடுத்தால் களவு.

மாசானத்தின் தலையில் தம் தொப்பியைக் கண்டு இக்னாசியோ சந்தோஷப்பட்டார். ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார். மூன்று பேர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஆவுடைக்குப் பசி.

வரிசையாக நின்றார்கள்.

"தெவுவெல்வாமே," என்றார் கொம்பையா.

ஆவுடை வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வாழைப்பழத்தோடு அதுவும் உள்ளே போய்விட்டது.

மாசானத்தின் நாக்கு நுனியில் காப்ரா நின்றது. ஆனால் முன்னால் போகிறவன் நகராமல் பின்னால் வருகிறவன் எப்படிப் போவது? தவசி அதற்கும் பின்னால். இக்னாசியோ புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தார். கொம்பையா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"தெவுவெல்வாமே."

ஆவுடை வயிற்றைத் தடவினான். விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தான். மீசை இருந்த இடத்தில் வியர்த்தது. மாசானத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. வேனில் ஏற்ற இன்னும் ஒரே ஒரு மூட்டைதான் பாக்கி.

"தெவுவெல்வாமே," என்றார் கொம்பையா மூன்றாவது தடவை. தெய்வவேல் மாமாவை அவர் அத்தனை தடவை கூப்பிட்டது அதற்குமுன் கிடையாது.

அப்போது பக்கத்திலிருந்து, "மேஏ" என்றது செம்பி.

"காப்ரா!" என்றான் மாசானம்.

"போர் பவோர்!" என்றான் தவசி.

இக்னாசியோ நாலு பேரையும் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மாசானத்தின் கன்னத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "சீ, சீ!" என்றார். ஆகட்டும், ஆகட்டும் என்று அர்த்தம்.

"சீங்காரு," என்றான் தவசி.

"ரெண்டு தடவை சீங்காரு," என்றார் கொம்பையா. "சாமியார் என்னமோ கெட்ட வார்த்தையைச் சொல்லிக் குடுத்துட்டாரு. வாங்கலே, போவோம். மானம் போனப்புறம் ஆடு எதுக்கு?"

மூன்று பேரும் திரும்பினார்கள். மாசானம் திரும்பவில்லை. அவனுக்கு மானம் ஒரு செம்புப் பால்கூடக் கறக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். இக்னாசியோ கயிற்றை அவிழ்த்து அவன் கையில் வைத்தார். அவன் தொப்பியைக் கழற்றி நீட்டினான். அவர் அதை வாங்கி மறுபடி அவன் தலையிலேயே வைத்தார்.

"ரொம்ப நன்றிங்கய்யா," என்று கும்பிட்டான்.

"தே நாடா," என்றார் அவர். பரவாயில்லை என்று அர்த்தம்.

"டே, நடடாங்காரு," என்றார் கொம்பையா. "நட, நட."

நடந்தார்கள். பின்னால் பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டர். இரக்கப்பட்டு, "சரி, ஏறித் தொலைங்க," என்றார். அவர்கள் ஏறவில்லை. நட என்று சொன்னவர் பஸ்ஸில் போ என்று சொல்லவில்லையே.

பாதி வழியில் கொம்பையா சட்டென்று நின்றார். "மாசானம், கயித்தை விடு."

"ஏன் அண்ணாச்சி?"

"மின்னா என்ன அர்த்தம்னு சாமியார் சொன்னாரு?"

"என்னுடைய."

"அந்தச் சொல்லைச் சொன்னது யாரு?"

மாசானம் செம்பியைப் பார்த்தான். செம்பி சாமந்தி மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

"என்னுடைய ஆட்டைத் திருப்பிக் குடுன்னு கேட்டது செம்பி," என்றார் கொம்பையா. "இக்னாசி நியாயஸ்தர். கேட்ட ஆளுக்குக் குடுத்துட்டாரு. ஆடு இப்ப செம்பிக்குச் சொந்தம்."

"கயித்தை என் கையிலதானே குடுத்தாரு?"

"அது கை இல்லாத சீவன். நீ வாங்கி வச்சிருக்க."

ஆவுடை யோசித்துப் பார்த்து, அதுதான் சரி என்றான். அவன் தொலைத்த சொல்லைப் பற்றிப் பேச்சு வராதவரை அவனுக்கு எதுவும் சரிதான்.

"அப்ப எனக்கு ஆடு வேணும்னா?" என்றான் மாசானம்.

"செம்பிகிட்டதான் முறையாக் கேக்கணும். அது எந்தப் பாஷையில வாங்கிச்சோ அந்தப் பாஷையில."

வீட்டு வாசலுக்கு வந்தபோது உலகம்மா கதவைத் திறந்தாள். செம்பியின் மடிந்த காதைத் தடவினாள். "உள்ள கொண்டு கட்டுங்க. சோறு வைக்கேன்," என்றாள்.

"கட்ட முடியாது," என்றான் மாசானம். "இன்னும் கேட்டு முடியலை."

முற்றத்தில் செம்பியின் முன்னால் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். "தெவுவெல்வாமே," என்றார் கொம்பையா. ஆவுடை வாயைத் திறந்தான், மூடினான். தவிட்டுத் தொட்டி செம்பிக்குப் பக்கத்திலேயே இருந்தது. "மேஏ," என்றது செம்பி.

"பாத்தியா," என்றார் கொம்பையா. "தன்னுதுதான்னு அடிச்சுச் சொல்லுது. நாளைக்கு வந்து கேப்போம்."

நாளைக்கும் வந்து கேட்டார்கள். அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். தொப்பியைச் செம்பி ஒரு மத்தியானத்தில் தின்று தீர்த்தது. ஆட்டின் விலையாக வந்த தொப்பி ஆட்டுக்காரருக்கே சேர வேண்டியதுதான் என்று யாரும் தடுக்கவில்லை. ஆவுடைக்கு மீசை முளைத்துவிட்டது. சொல் மட்டும் இன்னும் முளைக்கவில்லை. இன்றைக்கும் பொழுது சாய்கிற நேரத்தில் மாசானத்தின் முற்றத்தில் நாலு பேர் வரிசையாக நின்று, ஒரு ஆட்டிடம் அதே ஆட்டைத் தயவுசெய்து திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செம்பி விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உலகம்மா செம்போடு வந்து, கீழே உட்கார்ந்து, பால் முழுவதையும் கறந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

முதல்நாள் மாசானம் பதறிப்போனான். "அண்ணாச்சி, கேக்காம எடுக்காளே. அது களவுல்லா?"

கொம்பையா காது மயிரை நீவிவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அவளுக்கு ஸ்பெயின் பாஷை தெரியாதுலே. தெரியாதவங்க கறக்கலாம்."